குளோரோஃபார்ம் இல்லாமல் ஒரு தோல் சவ்வு

"அதுதான் ஆவியாகிப் போய்விடுமே!"

கரைப்பானை மாற்றலாமா என்ற பேச்சு எந்த லேப்பில் எழுந்தாலும் முதலில் வரும் பதில் இதுதான். தோலின் கொழுப்புச் சவ்வை மாதிரியாகச் செய்கிறவர்களிடம் இன்னும் அழுத்தமாக வரும். செராமைடு (தோலில் உள்ள ஒரு வகைக் கொழுப்பு), கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் மூன்றையும் குளோரோஃபார்ம்–மெத்தனால் கலவையில் கரைத்து, நுண்துளை வடிகட்டி ஒன்றின் மேல் தெளித்துக் காயவிட்டால் சவ்வு தயார். மிஞ்சுவது லிப்பிட், அதாவது கொழுப்பு மட்டும். போகிற பொருளைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை என்பார்கள்.

கவலைப்பட இரண்டு காரணம் உண்டு. போகிற ஆவி எங்கே போகிறது என்பது ஒன்று. பக்கத்தில் நிற்பவரின் நுரையீரலும் அந்த வழியில்தான் இருக்கிறது. போகிற போக்கில் சவ்வுக்குள் என்ன செய்துவிட்டுப் போகிறது என்பது இன்னொன்று. முதல் காரணத்தைப் பாதுகாப்பு வகுப்பில் சொல்வார்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள், மறுநாள் அதே பாட்டிலைத் திறப்பார்கள். ஒரு லேப் உண்மையிலேயே கரைப்பானை மாற்றுமா மாற்றாதா என்பது இரண்டாவது காரணத்தில்தான் முடிவாகிறது என்பது நான் பார்த்தது. "மாற்றினால் என் பழைய தரவோடு ஒப்பிட முடியாதே" என்ற பயம் நியாயமானது. அதற்குப் பதில் சொல்லாமல் புற்றுநோய் எச்சரிக்கைப் படங்களை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் எதுவும் நகராது.

முதலில் சவ்வைப் பற்றிக் கொஞ்சம். நம் தோலின் ஆக மேலே இருப்பது ஸ்ட்ராட்டம் கார்னியம். உள்ளங்கை, உள்ளங்கால் தவிரப் பெரும்பாலான இடங்களில் அதன் தடிமன் 10 முதல் 20 மைக்ரோமீட்டர்தான். செத்த செல்கள் செங்கல் போலவும், அவற்றுக்கிடையே உள்ள லிப்பிட் சாந்து போலவும் அடுக்கப்பட்ட சுவர் அது என்பது இந்தத் துறையில் பல பத்தாண்டுகளாகப் புழங்கும் விளக்கம். உடம்பின் நீர் வெளியே போகாமலும், வெளியே இருப்பது உள்ளே வராமலும் தடுப்பதில் பெரும்பங்கு அந்தச் சாந்துக்குத்தான். ஒரு மருந்துக் களிம்பு தோலைத் தாண்டி உள்ளே போவதென்றாலும் பெரும்பாலும் அதன் வழியாகத்தான் போயாக வேண்டும்.

மற்ற செல் சவ்வுகளைப் போல இதில் பாஸ்போலிப்பிட் கிட்டத்தட்ட இல்லை. செராமைடு, கொலஸ்ட்ரால், தனிக் கொழுப்பு அமிலம் மூன்றும் ஏறக்குறைய சம மோல் அளவில் இருக்கும். சங்கிலிகள் நீளமானவை, பெரும்பாலும் நிறைவுற்றவை. அதனால் தோலின் சாதாரண வெப்பமான 32 டிகிரியில் இந்த லிப்பிட்கள் எண்ணெய் போல ஓடுவதில்லை. படிகத்தை நெருங்கிய நிலையில் இறுகி நிற்கின்றன. எக்ஸ்ரே சிதறலில் பார்த்தால் இரண்டு வகை அடுக்கு தெரியும்: ஏறத்தாழ 6 நானோமீட்டருக்கு ஒருமுறை திரும்ப வருவது ஒன்று, 13 நானோமீட்டருக்கு ஒருமுறை வருவது மற்றொன்று. இந்த 13 நானோமீட்டர் அடுக்குதான் தோலுக்கே உரிய கையெழுத்து. அது உருவாக, லினோலிக் அமிலம் வாலில் கோக்கப்பட்ட மிக நீண்ட செராமைடு ஒன்று வேண்டும். அந்த ஒரு மூலக்கூறு பின்னால் மறுபடியும் வரும்.

உண்மையான தோல் இருக்க மாதிரி எதற்கு? அறுவைச் சிகிச்சையில் கிடைக்கும் மனிதத் தோல் ஆளுக்கு ஆள் மாறும். ஐரோப்பிய ஒன்றியம் 2013 மார்ச்சிலிருந்து விலங்குகளில் சோதித்த அழகுசாதனப் பொருள்களை விற்கவே தடை போட்டுவிட்டது. அதைவிட முக்கியம், மாதிரியில் ஒரே ஒரு செராமைடை எடுத்துவிட்டு என்ன ஆகிறது என்று பார்க்கலாம். அடோபிக் டெர்மடைடிஸ் என்ற தோல் அழற்சி உள்ளவர்களின் தோலில் லிப்பிட் சங்கிலிகள் குட்டையாக இருப்பது தெரிந்த விஷயம். குட்டையானதால்தான் தடுப்பு கெட்டதா என்று கேட்க மாதிரிச் சவ்வைவிட நேரான வழி இல்லை.

சரி, குளோரோஃபார்ம் இதற்குள் எப்படி வந்தது? 1957-ல் ஃபோல்ச், லீஸ், ஸ்லோன் ஸ்டான்லி மூவரும் விலங்குத் திசுவிலிருந்து லிப்பிடைப் பிரித்தெடுக்கக் குளோரோஃபார்ம் இரண்டு பங்கு, மெத்தனால் ஒரு பங்கு என்ற கலவையைக் கொடுத்தார்கள். 1959-ல் பிளையும் டையரும் மீன் தசைக்காக அதையே வேகமான முறையாக மாற்றினார்கள். இரண்டும் அருமையான முறைகள். ஈரமான திசுவுக்குள் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் லிப்பிடைப் பிடுங்கி வெளியே எடுக்க வேண்டும், பிறகு நீரோடு கலக்காமல் தனி அடுக்காகப் பிரியவும் வேண்டும். அந்த வேலைக்கு அந்தக் கலவை கனகச்சிதம்.

ஆனால் மாதிரிச் சவ்வு செய்கிறவர் கையில் ஈரத் திசு இல்லை. தூய்மையான வெள்ளைப் பொடி, குப்பியில், எடை போட்டு இருக்கிறது. அதை ஒரு மில்லிலிட்டருக்குச் சில மில்லிகிராம் கரைத்தால் போதும். பிடுங்கவும் வேண்டாம், பிரிக்கவும் வேண்டாம். பிரித்தெடுக்கும் வேலைக்கான கரைப்பான் பூசும் வேலைக்கும் அப்படியே தொடர்ந்து வந்துவிட்டது. லிப்பிட் என்றாலே குளோரோஃபார்ம் என்பது பழக்கம். பழக்கம் என்பதற்காகவே அது தப்பு என்று சொல்ல வரவில்லை. ஆனால் அவ்வளவு வலு இந்த இடத்தில் தேவையா என்று யாரும் உட்கார்ந்து கேட்டதாகத் தெரியவில்லை.

செராமைடு கரைவதற்கு என்ன வேண்டும் என்று பார்த்தால் வழி தெரியும். அதன் ஒரு பக்கம் நீண்ட ஹைட்ரோகார்பன் வால்கள். இன்னொரு பக்கம் அமைடும் ஹைட்ராக்சில்களும் கொண்ட சிறிய தலை. தலைகள் ஒன்றோடொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் இறுகப் பிடித்திருக்கும். வாலுக்குப் பிடித்த ஹெக்சேன் போன்றதை மட்டும் ஊற்றினால் தலைகள் விடாது. தலைக்குப் பிடித்த ஆல்கஹாலை மட்டும் ஊற்றினால் குளிரில் வால்கள் ஒத்துழைக்காது. இரண்டையும் கலந்தால் இரண்டு பூட்டும் திறக்கும். குளோரோஃபார்ம்–மெத்தனால் செய்வதும் இதையேதான். ஆனால் இதைச் செய்ய அந்த ஜோடிதான் வேண்டும் என்றில்லை.

ஆபத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், தெரிந்ததுதான். குளோரோஃபார்மை மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும் என்ற 2பி பிரிவில் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதைப் பாஸ்ஜீன் என்ற நச்சுப் பொருளாக மாற்றுகிறது. அங்குள்ள செல்கள் சேதமாவது அதனால்தான். அதே பாஸ்ஜீன், வெளிச்சமும் காற்றும் பட்ட பழைய பாட்டிலுக்குள்ளும் உருவாகும். அதைத் தடுக்கத்தான் பாட்டிலில் சிறிது எத்தனாலோ அமிலீனோ சேர்த்து விற்கிறார்கள். மெத்தனால் உடம்பில் ஃபார்மிக் அமிலமாகிப் பார்வை நரம்பைத் தாக்கும்.

"நான் பயன்படுத்துவது ஒரு மில்லிதானே" என்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. 1 மில்லி குளோரோஃபார்மின் எடை சுமார் 1.5 கிராம். அது முழுக்க ஆவியானால் 0.3 லிட்டர் ஆவி. 30 கன மீட்டர் உள்ள மூடிய அறையில் அது பரவினால் 10 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 10 பங்கு. ஐரோப்பிய ஒன்றியத்தின் எட்டு மணி நேர வரம்பு 2 பிபிஎம். இந்த அளவில் மூக்குக்கு வாசனையே தெரியாது. இனிப்பு வாசம் வருகிறது என்றால் வரம்பைப் பல மடங்கு தாண்டியாயிற்று. ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூட்டுக்குள் செய்தால் இந்தக் கணக்கு மாறும், சரி. ஆனால் தெளிப்புக் கருவி ஹூட்டுக்குள் அடங்காமல் மேசை மேல் நிற்கும் இடங்கள் உண்டு. அப்புறம் கையுறை. பெரும்பாலான லேப்களில் இருக்கும் மெல்லிய நைட்ரைல் கையுறையைக் குளோரோஃபார்ம் சில நிமிடங்களுக்குள் ஊடுருவிவிடும். அதைத் தாங்கும் பாலிவினைல் ஆல்கஹால் கையுறை தண்ணீர் பட்டால் கெட்டுப்போகும். கழிவு பாட்டிலில் இன்னொரு பொறி: அசிட்டோனும் குளோரோஃபார்மும் ஒன்றாகச் சேர்ந்து, கூடவே காரம் ஏதாவது கலந்தால் வெடிக்கிற அளவுக்குச் சூடாகும். கண்ணாடியை அசிட்டோனால் கழுவி எல்லாவற்றையும் ஒரே பாட்டிலில் ஊற்றும் பழக்கம் எவ்வளவு சாதாரணம் என்று நினைத்துப் பாருங்கள்.

நியாயத்துக்குச் சொல்ல வேண்டும், இந்தத் துறை குளோரோஃபார்மை விட்டு ஒரு அடி எடுத்து வைத்து நாளாயிற்று. ஹெக்சேன் இரண்டு பங்கு, எத்தனால் ஒரு பங்கு என்ற கலவையில் லிப்பிடைக் கரைத்துத் தெளிக்கும் முறை தோல் லிப்பிட் குழுக்களிடையே நன்றாகப் பரவியிருக்கிறது. பிரித்தெடுக்கும் வேலைக்கே கூட ஹாராவும் ராடினும் 1978-ல் ஹெக்சேன்–ஐசோப்ரொப்பனால் கலவையை, நச்சு குறைந்தது என்று சொல்லியே முன்வைத்தார்கள். ஆக, தேடல் புதிதல்ல.

ஆனால் ஹெக்சேனில் நின்றுவிடுவது எனக்கு ஒப்பவில்லை. நேர்ச்சங்கிலி ஹைட்ரோகார்பன்களில் ஹெக்சேனுக்கு மட்டும் ஒரு துரதிர்ஷ்டம் உண்டு. உடம்பு அதை ஆக்சிஜனேற்றம் செய்யும்போது 2,5-ஹெக்சேன்டயோன் என்ற பொருள் கிடைக்கிறது. இரண்டு கீட்டோன்களும் சரியாக அந்த இடைவெளியில் இருப்பதால், நரம்பிழைப் புரதங்களில் உள்ள லைசினோடு வினைபுரிந்து பைரோல் வளையமாகி அவற்றை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. நீண்ட நரம்புகள் முதலில் பழுதாகும். கால் விரலில் மரத்துப்போவது தொடங்கி மேலே ஏறும். 1960-களில் ஜப்பானில் வீட்டிலிருந்தபடி பசை ஒட்டிச் செருப்பு செய்த தொழிலாளர்களிடம் இது பரவலாகத் தெரிய வந்தது.

ஒரே ஒரு கார்பன் கூடுதலாக உள்ள ஹெப்டேன் பெரும்பாலும் வேறு வழியில் சிதைகிறது; அந்த வகை டைகீட்டோன் அதிலிருந்து மிகச் சொற்பமாகவே வரும். மருந்துகளில் எஞ்சும் கரைப்பானுக்கான ஐசிஹெச் என்ற சர்வதேச மருந்துத் தர அமைப்பின் வழிகாட்டுதலில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும்: குளோரோஃபார்முக்கு 60 பிபிஎம், ஹெக்சேனுக்கு 290, மெத்தனாலுக்கு 3000. ஹெப்டேன், எத்தனால், எத்தில் அசிடேட், ஐசோப்ரொப்பனால் நான்கும் குறைந்த ஆபத்துள்ள மூன்றாம் வகுப்பில், 5000 வரை. மூலக்கூறாகப் பார்த்தால் ஹெக்சேனும் ஹெப்டேனும் லிப்பிடின் வாலுக்கு ஏறக்குறைய ஒன்றே. அப்படியிருக்க ஹெக்சேனைப் பிடித்துக்கொண்டிருக்க எனக்குக் காரணம் தெரியவில்லை, ஒன்றைத் தவிர.

அந்த ஒன்று உலரும் விதம். விஷயம் சுவாரசியமாவது இங்கேதான்.

20 டிகிரியில் ஹெக்சேனின் ஆவியழுத்தம் சுமார் 16 கிலோபாஸ்கல், குளோரோஃபார்முடையது 21. ஹெப்டேனுக்கு ஐந்துக்கும் கீழே. ஆகவே ஹெப்டேன் கலவையைத் தெளித்தால் துளி நெடுநேரம் ஈரமாகவே நிற்கும், பரவும், ஓரத்துக்கு லிப்பிடை இழுத்துக்கொண்டு போய் வளையமாகப் படியவைக்கும். சரிசெய்ய முடியாததல்ல: தெளிக்கும் வேகத்தைக் குறைக்கலாம், நைட்ரஜன் ஓட்டத்தைச் சரிபார்க்கலாம், அடித்தட்டை இளஞ்சூட்டில் வைக்கலாம். இது எல்லோருக்கும் கண்ணால் தெரியும் பிரச்சினை.

கண்ணுக்குத் தெரியாதது, துளிக்குள் கலவை விகிதம் மாறிக்கொண்டே போவது. ஹெக்சேனும் எத்தனாலும் விகிதம் மாறாமல் சேர்ந்து கொதிக்கும் நிலைக் கலவையில் (அசியோட்ரோப்) எத்தனால் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். ஹெப்டேன்–எத்தனாலில் அது ஏறக்குறைய பாதி. இப்போது இரண்டுக்கு ஒன்று என்று கனஅளவில் கலந்ததை எடையில் பார்த்தால், இரண்டிலுமே எத்தனால் சுமார் 37 சதவீதம். அதாவது முதல் கலவையில் எத்தனால் அந்த நிலைக்குத் தேவையானதைவிட அதிகம். உலர உலர ஹெக்சேன் முன்னால் போய்க் கடைசித் துளி எத்தனால் மிகுந்ததாக ஆகும். இரண்டாவதில் எத்தனால் குறைவு. கடைசித் துளி ஹெப்டேன் பக்கம் சாயக்கூடும். எண்கள் கொதிநிலைக்கானவை, அறை வெப்பத்தில் கொஞ்சம் நகரும். நைட்ரஜன் ஓட்டத்தில் உலர்வது கொதிப்பதும் அல்ல. ஆனாலும் ஒரே இரண்டுக்கு ஒன்று விகிதம் இரண்டு ஜோடியிலும் எதிரெதிர்த் திசையில் முடியலாம் என்பது சாதாரண விஷயமல்ல. எந்த லிப்பிட் முதலில் வெளியே விழும் என்பதைக் கடைசித் துளிதான் தீர்மானிக்கிறது. எத்தனால் மிகுந்தால் நீண்ட வால் செராமைடு முந்தும். ஹெப்டேன் மிகுந்தால் தலைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். எந்த வழியில் போனாலும் கொலஸ்ட்ரால் தனியாகப் படிகமாக ஒதுங்கிவிட்டால் அது இனிமேல் சாந்தின் பங்காக இருக்காது.

ஆக, பாட்டிலின் பெயரை மட்டும் மாற்றிவிட்டு விகிதத்தை அப்படியே வைத்துக்கொள்வது அரை வேலை. விகிதத்தையும் புதிதாகத் தேட வேண்டும். எத்தனாலில் உள்ள நீரையும் கவனிக்க வேண்டும்: 96 சதவீத எத்தனாலில் வரும் நீர் கடைசியில் சேர்ந்து நின்று துளியைக் கலங்கவைக்கலாம். நீரற்ற எத்தனால் நல்லது, ஆனால் பென்சீன் போட்டு நீர் நீக்கிய பழைய வகை இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பாதுகாப்புக்காக மாறப்போய் பென்சீனை வரவேற்பது வேடிக்கையாகிவிடும்.

அடித்தட்டைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, அதனால் ஒரு வார்த்தை. ஊடுருவல் சோதனைக்குப் பெரும்பாலும் நுண்துளை உள்ள பாலிகார்பனேட் வடிகட்டியைத்தான் பயன்படுத்துகிறார்கள். பாலிகார்பனேட் குளோரோஃபார்மில் கரையும். தெளித்ததும் சட்டென்று காய்வதால் தப்பிக்கிறது, அவ்வளவுதான். துளையின் வடிவம் கொஞ்சம் மாறியிருந்தால் எப்படித் தெரியும்? ஹெப்டேனும் எத்தனாலும் பாலிகார்பனேட்டைத் தொடுவதில்லை. பாதுகாப்புக்கும் தரவின் தரத்துக்கும் ஒரே விடை கிடைக்கும் அபூர்வமான இடம் இது. எத்தில் அசிடேட்டும் 2-மெத்தில்டெட்ராஹைட்ரோஃபியூரானும் இந்த விஷயத்தில் குளோரோஃபார்மின் கட்சி; பாலிகார்பனேட்டுக்கு அவை ஆகாது.

அந்த மெத்தில்டெட்ராஹைட்ரோஃபியூரானைப் பற்றி இன்னும் கொஞ்சம். தாவரக் கழிவிலிருந்து வரும் ஃபர்ஃபுராலைக் கொண்டு செய்யலாம் என்பதால் சுற்றுச்சூழலுக்கு உகந்தவை என்ற பசுமைக் கரைப்பான் பட்டியல்களில் அதற்கு நல்ல பெயர். ஆனால் ஈதர், காற்றுப் பட்டால் பெராக்சைடு உருவாகும். முன்னால் சொன்னேனே, லினோலிக் அமிலம் வாலில் உள்ள செராமைடு, அந்த வாலின் இரட்டைப் பிணைப்புகளைப் பெராக்சைடு குறிபார்த்துத் தாக்கும். 13 நானோமீட்டர் அடுக்குக்கே உயிரான மூலக்கூறு கெட்டுப்போகும். அப்படியானால் பிஹெச்டி (BHT) என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பி சேர்த்த பாட்டிலை வாங்கலாமே? வாங்கலாம். ஆனால் கரைப்பான் ஆவியாகும், பிஹெச்டி பெரும்பகுதி தங்கிவிடும். உங்கள் சவ்வில் நான்காவது உறுப்பினர் ஒருவர் சேர்ந்துவிட்டார். உலர்ந்த பிறகு என்ன மிஞ்சும் என்ற கேள்வி கரைப்பானுக்கு மட்டுமல்ல, அதோடு வரும் நிலைப்படுத்திக்கும் உண்டு.

லிமோனின் விஷயம் இதைவிட விசித்திரம். ஆரஞ்சுத் தோலிலிருந்து வருவது, நல்ல மணம், பசுமை என்ற சொல்லுக்கு விளம்பரப் படம் போல இருக்கும். ஆனால் கொதிநிலை 176 டிகிரி, எளிதில் போகாது. அது மட்டுமல்ல, டெர்பீன்கள் தோலின் லிப்பிட் அடுக்கைக் குலைத்து மருந்தை உள்ளே விடும் ஊடுருவல் தூண்டிகள் என்பது மருந்தியலில் நன்கு தெரிந்த ஒன்று. எதன் தடுப்பை அளக்கப் போகிறோமோ அதையே குலைக்கும் பொருளில் கரைத்துச் சவ்வு செய்வதா? டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானுக்கும் இதே ஆட்சேபம். எத்தனாலும் ஊடுருவல் தூண்டிதான், ஆனால் அது ஓடிப்போய்விடும், வெற்றிடத்தில் வைத்தால் நிச்சயமாகப் போய்விடும். வேறு துறைகளுக்காக எழுதிய கரைப்பான் பட்டியலை அப்படியே நம்ப முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை. அந்தப் பட்டியல்களைக் குறை சொல்வதற்கில்லை. அவை பெரும்பாலும் மருந்து தயாரிப்பின் வினைகளையும் சுத்திகரிப்பையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. எஞ்சிய துளி தோல் லிப்பிடை என்ன செய்யும் என்று அவை கேட்கவே இல்லை.

கரைப்பானே இல்லாமல் லிப்பிடை உருக்கி ஊற்றினால் என்ன என்று ஒவ்வொரு வருடமும் ஒரு புதிய மாணவர் கேட்பார். நல்ல கேள்வி. ஆனால் செராமைடுகள் உருக 90 டிகிரிக்கு மேல் போக வேண்டியிருக்கும். அங்கே நிறுத்தி வைத்தால் லினோலிக் வால் ஆக்சிஜனேற்றமாகும், குட்டைக் கொழுப்பு அமிலங்கள் ஆவியாகத் தொடங்கும். மூன்றும் ஒரே சீராகக் கலந்ததா என்பதும் சந்தேகம். நைட்ரஜனுக்குள் செய்தால் சில எளிய கலவைகளுக்கு ஒத்துவரலாம்.

இனி அந்த நியாயமான பயத்துக்கு வருவோம்: மாற்றினால் பழைய தரவு என்ன ஆகும்?

தெளித்துக் காய்ந்த சவ்வை யாரும் அப்படியே அளப்பதில்லை. ஈரமான சூழலில் 70 முதல் 90 டிகிரி வரை சூடாக்கி மெதுவாக ஆறவிடுவோம். அந்தச் சூட்டில் லிப்பிட் சங்கிலிகள் இளகி, கலந்து, ஆறும்போது மறுபடி அடுக்குகின்றன. கரைப்பான் விட்டுச்சென்ற தடத்தின் பெரும்பகுதி இதில் அழிந்துவிடும். முழுக்க அழிந்ததா என்பதுதான் கேள்வி, அதற்குச் சோதனை செய்துதான் விடை காண வேண்டும். ஒரே நாளில் எடை போட்ட ஒரே லிப்பிட் கலவையை இரண்டாகப் பிரித்து, ஒன்றைப் பழைய கரைப்பானிலும் மற்றதைப் புதியதிலும் கரைத்து, ஒரே தட்டில் சூடாக்கி, ஒரே நாளில் அளக்க வேண்டும். வேறு வேறு மாதத்தில் செய்த சவ்வுகளை ஒப்பிட்டுக் கரைப்பானைக் குற்றம் சொல்வதும் பாராட்டுவதும் வீண்.

எதை அளப்பது? அகச்சிவப்பு நிறமாலையில் தொடங்குவேன், மலிவு, விரைவு. மெத்திலீன் நீட்சிப் பட்டை 2850 அலையெண்ணுக்குக் கீழே இருந்தால் சங்கிலிகள் நிமிர்ந்து ஒழுங்காக நிற்கின்றன. 720, 730 பக்கத்தில் பட்டை இரண்டாகப் பிளந்து தெரிந்தால் நெருக்கமான செவ்வகப் பொதிவு. தோலில் இருப்பது பெரும்பாலும் அதுதான். வெப்பத்தை ஏற்றிக்கொண்டே பார்த்தால் அந்தப் பொதிவு எங்கே தளர்கிறது, சங்கிலிகள் எங்கே உருகுகின்றன என்று இரண்டு புள்ளிகள் கிடைக்கும். பிறகு எக்ஸ்ரே: 13 நானோமீட்டர் அடுக்கின் உச்சங்கள் வருகின்றனவா, 3.4 நானோமீட்டரில் தனிக் கொலஸ்ட்ராலின் உச்சம் எவ்வளவு பெரிது. என் கண் முதலில் போவது அந்தக் கொலஸ்ட்ரால் உச்சத்துக்குத்தான். கரைப்பான் மாறியதால் ஏதாவது தவறாகியிருந்தால் பெரும்பாலும் அங்கேதான் காட்டிக்கொடுக்கும், ஏனென்றால் ஒதுங்கிய கொலஸ்ட்ராலைச் சூடாக்கல் எப்போதும் திரும்பக் கூட்டிவருவதில்லை.

ஊடுருவல் அளவீடு கடைசி. ஃபிரான்ஸ் செல் என்ற இரண்டு அறைக் கண்ணாடிக் கலத்தின் நடுவே சவ்வை வைத்துத் தியோஃபிலின் போன்ற ஒரு பொருள் எவ்வளவு வேகமாகக் கடக்கிறது என்று பார்ப்பது. இதுதான் கடைசியில் எல்லோருக்கும் வேண்டிய எண், ஆனால் சிதறல் அதிகம் உள்ள எண்ணும் இதுதான். சவ்வில் ஒரு நுண்ணிய விரிசல் போதும். ஆகவே இரண்டு கரைப்பானின் சராசரிகள் ஒத்துப்போகின்றன என்பதோடு நிற்காமல், எதில் சிதறல் குறைவு என்றும் பார்ப்பேன். மெதுவாக, சீராக உலரும் கலவைக்கு இங்கே ஒரு வாய்ப்பு இருக்கிறது.

எஞ்சிய கரைப்பானையும் அளக்காமல் விடக்கூடாது. லிப்பிடுக்குள் சிக்கிய சொற்ப அளவு கூடச் சங்கிலிகளை இளக்கி ஊடுருவலைக் கூட்டிக் காட்டும். ஹெப்டேன் மெதுவாகப் போவதால் வெற்றிடத்தில் கூடுதல் நேரம் வைக்க வேண்டும். மாதிரியின் மேலுள்ள ஆவியை அளக்கும் ஹெட்ஸ்பேஸ் வாயுக் குரோமட்டோகிராஃபியில் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டால் எத்தனை மணி நேரம் என்பது தெரிந்துவிடும்.

நடைமுறையில் ஹெப்டேன்–எத்தனாலோடு வரும் தொல்லை வேறு. நீண்ட செராமைடு அறை வெப்பத்தில் தயங்கும். 40 டிகிரி பக்கம் சூடாக்கினால் தெளியும், சிரிஞ்சு குளிர்ந்தால் ஊசிமுனையில் வெள்ளையாக அடைக்கும். சிரிஞ்சையும் சூடாக வைக்க வேண்டும், அல்லது செறிவைக் குறைத்து இரண்டு மடங்கு நேரம் தெளிக்க வேண்டும். நான் பெரும்பாலும் இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பேன். ஐசோப்ரொப்பனாலை எத்தனாலுக்குப் பதிலாக வைத்தும் முயலலாம்; கரைதிறன் நன்றாக இருக்கும், உலர்வது இன்னும் மந்தம்.

தீ. குளோரோஃபார்முக்கு இருந்த ஒரே நல்ல குணம் அது எளிதில் தீப்பிடிக்காது என்பது. ஹெப்டேனின் தீப்பற்று நிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே 4 டிகிரி. அதை நுண்துளியாகத் தெளிப்பதும், பக்கத்தில் சூடான தட்டை வைப்பதும் யோசித்துச் செய்ய வேண்டிய காரியம். ஹெப்டேன் மின்சாரம் கடத்தாது, ஓட்டத்தில் நிலைமின்னூட்டம் சேரும். எத்தனால் கலந்திருப்பது கொஞ்சம் உதவும், கருவியைத் தரையோடு இணைப்பது நிச்சயம் உதவும். நீர்வாழ் உயிரிகளுக்கும் ஹெப்டேன் கடும் நச்சு, வருவதும் பெட்ரோலியத்திலிருந்து. ஆகவே இதைப் பசுமை என்று நான் சொல்ல மாட்டேன். குளோரோஃபார்மைவிட, ஹெக்சேனைவிட, பக்கத்தில் நிற்பவருக்குப் பாதுகாப்பானது. அவ்வளவே என் வாதம், இன்று புதிதாகத் தொடங்கும் லேப்புக்கு அது போதும் என்றே நினைக்கிறேன்.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லிகிராம் லிப்பிட் பூசினால் சுமார் 10 மைக்ரோமீட்டர் தடிமன் கிடைக்கும், தோலின் அளவுக்கு அருகில். மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராம் கரைசல் என்றால் அதற்கு 0.2 மில்லி போதும். உண்மையில் ஒரு நாளில் செலவாகும் கரைப்பானில் சவ்வுக்குப் போவது மிகச் சிறிய பங்கு. மிச்சம் சிரிஞ்சு கழுவ, குழாயை நிரப்ப, குப்பிகளை அலச. கழுவுவதற்குக் குளோரோஃபார்ம் தேவையே இல்லை. சூடான எத்தனாலும் பிறகு ஹெப்டேனும் போதும். கரைசல் முறையை மாற்றத் தயங்குகிறவர்கள்கூடக் கழுவும் பாட்டிலை இன்றைக்கே மாற்றலாம், எந்தத் தரவும் பாதிக்காது.

எனக்கு இன்னும் வழி பிடிபடாத இடம் பூசிய தட்டில் கலவையை ஓடவிட்டுப் பொருள்களைப் பிரிக்கும் மெல்லடுக்கு குரோமட்டோகிராஃபி. செராமைடு தூய்மையாக இருக்கிறதா, லினோலிக் வால் உடைந்திருக்கிறதா என்று பார்க்க இன்றும் குளோரோஃபார்ம் 190 பங்கு, மெத்தனால் 9, அசிட்டிக் அமிலம் 1 என்ற கலவையில்தான் தட்டை ஓட்டுகிறோம். ஒன்றுக்கொன்று ஒரே ஒரு ஹைட்ராக்சிலில் மட்டும் வேறுபடும் செராமைடு வகைகளை அது பிரித்துக் காட்டும் அழகு ஹெப்டேன்–எத்தில் அசிடேட் கலவைகளில் எனக்குக் கிடைக்கவில்லை. பட்டைகள் ஒன்றன் மேல் ஒன்று படிந்துவிடுகின்றன. இப்போதைக்குச் சின்னத் தட்டு, மூடிய தொட்டி, ஹூட்டுக்குள் என்று வைத்திருக்கிறோம். ஹெப்டேனை அடிப்படையாகக் கொண்ட ஓட்டக் கலவையில் சாதாரண நிலை (normal phase) எச்பிஎல்சி என்ற திரவக் குரோமட்டோகிராஃபிக்கு மாறிக்கொள்வதுதான் அடுத்த முயற்சி.